திருத்துவதை விட்டுத் துணையிருப்போம்

மாலை ஆறு மணியானால் அந்த வீட்டில் ஒரு கேள்வி எழும். "உங்கப்பா ஏன் இன்னும் வரலை? மணி என்ன ஆச்சு?" என்று 78 வயதான தாய், வாசலைப் பார்த்தபடியே மகளிடம் கேட்பார். தந்தை மறைந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. தொடக்கத்தில் மகள் உள்ளதை உள்ளபடியே சொன்னார்: "அம்மா, அப்பா தவறிட்டாரும்மா. நீதானே பக்கத்துல இருந்தே?" தாயின் முகம் அக்கணமே மாறிவிடும். கணவரின் மறைவை முதன்முறையாகக் கேள்விப்படும் பெண்ணின் அழுகை அது. தன்னிடம் ஏன் ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டுக் கேட்டு அழுவார். அரை மணி நேரத்தில் அழுகை ஓயும். அழுதது ஏன் என்பதும் மறந்துபோகும். பிறகு மீண்டும் வாசலைப் பார்ப்பார். மீண்டும் அதே கேள்வி.

எங்கள் நினைவாற்றல் பிரிவுக்கு வந்த அந்த மகள் எங்களிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "உண்மையைத்தானே சொன்னேன். அதுல என்ன தப்பு?"

இதே கேள்வியை வேறு வேறு சொற்களில் பல குடும்பத்தார் எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே எங்கள் கருத்தை இந்த இதழில் வெளிப்படையாக முன்வைக்க விரும்புகிறோம். டிமென்ஷியா என்னும் மறதிநோய் முற்றியவரின் நினைவைத் திருத்துவது நம் கடமை அன்று. அவர் மனம் எந்தக் காலத்தில் வாழ்கிறதோ அந்தக் காலத்தில் அவருக்குத் துணையிருப்பதே நம்மால் செய்யக்கூடியதும் செய்ய வேண்டியதுமாகும். இதை ஏமாற்று வேலை என்று சிலர் கருதுகின்றனர். அவர்களுடைய தயக்கத்திலும் நியாயம் உண்டு. அதையும் இங்கே ஆராய்வோம்.

திருத்தம் ஏன் பலிப்பதில்லை

உலகில் ஐந்தரைக் கோடிக்கும் மேற்பட்டோர் டிமென்ஷியாவுடன் வாழ்கின்றனர் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களுள் ஏறத்தாழ 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கலாம் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. டிமென்ஷியா என்பது பல நோய்களுக்குப் பொதுவான பெயர். அவற்றுள் அல்சைமர் நோயே மிகுதியாகக் காணப்படுவது. நூற்றில் 60 முதல் 70 பேருக்குக் காரணம் அதுவே.

அல்சைமர் நோய் தொடக்கத்திலேயே தாக்கும் பகுதிகளுள் ஒன்று 'ஹிப்போகாம்பஸ்'. மூளையின் உட்புறத்தில், கடல்குதிரையைப் போல் வளைந்திருக்கும் சிறு பகுதி அது. இன்று காலை உண்டது, சற்றுமுன் பேசியது போன்ற புதிய நிகழ்ச்சிகள் நிலையான நினைவாகப் பதிவதற்கு அப்பகுதி இன்றியமையாதது. அது சிதையும்போது புதியவை பதிவதில்லை. நெடுங்காலத்திற்கு முன்பே ஆழப் பதிந்தவை மேலும் பல ஆண்டுகள் நிலைத்து நிற்கின்றன. அதனால்தான் காலையில் மாத்திரை விழுங்கியதை மறந்தவர், தம் திருமணத்தன்று பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்பதை வரிசை தவறாமல் சொல்கிறார். இவர் நடிக்கிறார் என்றோ, வேண்டியதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்கிறார் என்றோ உறவினர் ஐயுறுவதற்கும் இதுவே காரணம். அவர் நடிக்கவில்லை. நோயின் இயல்பே அது.

இந்நிலையில் நாம் சொல்லும் திருத்தம் எங்கே சென்று பதியும்? பதிய வேண்டிய இடமே பழுதுபட்டிருக்கிறது. "எத்தனை தடவை சொல்றது?" என்று நாம் சலித்துக்கொள்கிறோம். அவரைப் பொறுத்தவரை ஒவ்வொரு முறையும் அது முதல் முறையே.

சொல் மறைந்தாலும் அச்சொல் எழுப்பிய உணர்வு உடனே மறைவதில்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வொன்று இதைத் தெளிவாகக் காட்டியது. அல்சைமர் நோயுள்ளோருக்குத் துயரமான காட்சிகளையும் மகிழ்ச்சியான காட்சிகளையும் திரையிட்டனர். பார்த்தவை பெரும்பாலும் மறந்துபோயின. ஆயினும் அவை எழுப்பிய துயரமும் மகிழ்ச்சியும் நினைவு நீங்கிய பின்னரும் தங்கியிருந்தன. காரணம் தெரியாத துயரத்தைச் சுமப்பது எத்தகைய வேதனை என்பதை எண்ணிப் பாருங்கள். அந்தத் தாய் இரவெல்லாம் உறங்காமல் நடமாடியதற்கும், ஊட்டிய சோற்றைத் தட்டிவிட்டதற்கும், மாலையில் அவருக்கு மீண்டும் மீண்டும் சொல்லப்பட்ட அந்தச் செய்தியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட பாடம்

குடும்பத்தாரைக் குறைகூறும் தகுதி மருத்துவத் துறைக்கு இல்லை. நாங்களும் ஒரு காலத்தில் திருத்தத்தையே மருந்தாக நம்பியவர்கள். 1950களின் இறுதியில் அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் ஒரு முறை உருவாயிற்று. இன்றைய கிழமை, தேதி, இருக்கும் இடம் ஆகியவற்றைப் பலகையில் எழுதி வைத்து, நோயாளிக்கு இடைவிடாமல் நினைவூட்டி, அவர் தவறாகச் சொன்னால் திருத்தி, நிகழ்காலத்திற்கு அவரை மீட்டுக் கொண்டுவருவதே அதன் நோக்கம். நல்லெண்ணத்தில் பிறந்த முறைதான். ஆனால் நோய் முற்றியவர்களிடம் அது விடாமல் கையாளப்பட்டபோது பலர் கலங்கினர், சினந்தனர், பேசாமல் ஒடுங்கினர்.

முதியோரிடையே பணியாற்றிய நவோமி ஃபைல் என்ற சமூகப் பணியாளர் 1960களில் வேறொரு வழியைத் தேடத் தொடங்கினார். முதியவர் சொல்லும் செய்தி சரியா தவறா என்று பாராமல், அதன் அடியில் உள்ள உணர்வைக் கேட்டு அதற்கு மறுமொழி கூற வேண்டும் என்பது அவர் கொள்கை. இவ்விரு முறைகளில் எதுவும் நோயைக் குணப்படுத்துவதில்லை. நோயின் தொடக்க நிலையில் பெரிய எழுத்து நாட்காட்டியும், சுவர்க் கடிகாரமும், கழிவறைக் கதவில் ஒட்டிய படமும் இன்றும் பயன் தருகின்றன. அவற்றை நீக்கிவிடச் சொல்லவில்லை. அவர் விரும்பினால் பார்த்துக்கொள்ளும்படி அவை சுவரில் இருக்கட்டும். நம் நாவில் வேண்டாம் என்கிறோம்.

இது பொய்யாகாதா?

தாயிடம் பொய் சொல்வதா என்று தயங்கும் மனம் நல்ல மனம். அந்தத் தயக்கத்தை நாங்கள் மதிக்கிறோம். வாய்மைக்கெனத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரும், பிறர்க்குத் தீமை பயவாத சொல்லையே வாய்மை என்று வரையறுத்தார். சொல்லின் அளவுகோலாக அவர் வைத்தது அது விளைவிக்கும் பயனை. அந்த அளவுகோலையே நாமும் கையில் எடுக்கலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பெரும்பாலான வேளைகளில் பொய் சொல்ல வேண்டிய தேவையே எழுவதில்லை. "அப்பா ஏன் வரலை?" என்ற வினாவில் இருப்பது தகவல் தேட்டம் அன்று; ஏக்கம். "அப்பாவைத் தேடுதாம்மா? அவர் வரும்போது உனக்கு என்ன வாங்கிட்டு வருவார்?" என்று அருகில் அமர்ந்து கேட்டால், அதில் பொய்யும் இல்லை, புண்படுத்தலும் இல்லை. ஏக்கத்திற்கு ஒரு துணை கிடைத்துவிடுகிறது.

எங்களிடம் வரும் குடும்பங்களில் திரும்பத் திரும்பக் காணும் சில சூழல்களைக் கூறுகிறோம்.

சொந்த வீட்டில் அமர்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்று முதியவர் எழுந்து நிற்பார். "இதுதாம்ப்பா உங்க வீடு" என்பது அவர் காதில் ஏறாது. அவர் தேடுவது இளமையில் வாழ்ந்த வீடாக இருக்கலாம். பாதுகாப்பான ஓர் இடமாக இருக்கலாம். சில வேளைகளில் சிறுநீர் கழிக்க வேண்டும் என்ற முட்டலோ, வலியோ, பசியோ, தொலைக்காட்சியின் இரைச்சலோ சொல்லத் தெரியாமல் அவ்வாறு வெளிப்படும். முதலில் அவற்றைக் கவனியுங்கள். பிறகு, "போகலாம்ப்பா, உங்க வீட்டு வாசல்ல என்ன மரம் இருந்துச்சு?" என்று கேட்டபடியே அவருடன் தெருமுனை வரை நடந்து திரும்புங்கள். பொழுது சாயும் வேளையில் இக்கலக்கம் மிகுவது வழக்கம். இருள் சூழுமுன்பே விளக்குகளை ஏற்றிவிடுவது உதவும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் காலை ஏழரை மணிக்கே சட்டை மாற்றிக்கொண்டு பள்ளிக்கு நேரமாயிற்று என்று பதறுவார். அவர் ஓய்வுபெற்று இருபது ஆண்டுகள் கடந்தன என்று சொல்லிச் சொல்லி மகன் ஓய்ந்துபோனார். மருமகள் ஒரு நாள் பேத்தியின் பழைய நோட்டுப் புத்தகங்களையும் சிவப்புப் பேனாவையும் மேசைமேல் வைத்து, "மாமா, இதையெல்லாம் திருத்தி வச்சிடறீங்களா?" என்றார். முதியவர் உட்கார்ந்தார். பத்து மணி வரை அவ்வீட்டில் பதற்றம் இல்லை. மற்றவர்கள் அவரைத் திருத்துவதை நிறுத்திய அன்று, திருத்தும் வேலை உரியவர் கைக்குச் சென்றது.

மாமியார் தம் சங்கிலியைக் காணவில்லை என்பார். மருமகள் எடுத்துவிட்டாள் என்று பக்கத்து வீட்டாரிடமும் சொல்வார். அல்லது உண்டு முடித்த பத்தாவது நிமிடத்தில், தமக்கு யாரும் சோறு போடவில்லை என்பார். நம் குடும்பங்களில் இதைவிடக் கூர்மையாகத் தைக்கும் சொல் வேறில்லை. "நான் எடுக்கலை அத்தை" என்று வாதாடினால் வழக்கு நீளும். "சங்கிலியைக் காணோமா? வாங்க அத்தை, சேர்ந்து தேடுவோம்" என்றால் இருவரும் ஒரே பக்கத்தில் நிற்பவர்கள் ஆகிறார்கள். தலையணை உறையிலும் அரிசிப் பானையிலும் துணிகளின் அடியிலும் பொருள்களை ஒளித்து வைத்து மறப்பது இந்நோயில் இயல்பு. சோறு கேட்டால், "பசிக்குதா அத்தை? இதோ" என்று பழத்துண்டோ அரை இட்லியோ தருவதற்கென எடுத்து வையுங்கள். நீரிழிவு உள்ளவராயின் எதைத் தரலாம் என்று மருத்துவரிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள். பழிச்சொல் நோயின் குரல் என்பதை அக்கம்பக்கத்தாரிடமும் உறவினரிடமும் எடுத்துச் சொல்லும் பொறுப்பு, பழி சுமக்கும் மருமகளுடையது அன்று; அந்த வீட்டு மகனுடையது.

உண்மை தவறக்கூடாத இடங்கள்

எங்கள் கருத்துக்கு எல்லைகள் உண்டு. அவற்றைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை தீங்காகவும் முடியலாம்.

முதலாவது, நோயின் தொடக்க நிலை. தமக்கு ஏதோ நேர்கிறது என்று உணர்ந்து, "எனக்கு என்ன ஆச்சு?" என்று அவரே கேட்கும்போது, மென்மையாகவும் தெளிவாகவும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தம் மருத்துவம், சேமிப்பு, சொத்து, பிற்காலத்தில் யாருடன் வாழ்வது ஆகியவற்றைத் தாமே முடிவு செய்யும் தெளிவு அவருக்கு இருக்கும் காலம் அது. அவர் மனம் வருந்துமே என்று மறைத்தால், அந்த உரிமையை அவரிடமிருந்து பறித்தவர்கள் ஆவோம்.

இரண்டாவது, பணமும் கையொப்பமும். தெளிவிழந்தவரின் மனப்போக்குக்கு இசைந்து பேசுவது வேறு. அந்த இசைவைப் பயன்படுத்திப் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்குவது வேறு. முன்னது அன்பு, பின்னது குற்றம்.

மூன்றாவது, பாதுகாப்பு. எரிவாயு அடுப்பு, வண்டிச் சாவி, மாத்திரைப் பெட்டி ஆகியவற்றில் இசைந்துபோக இடமில்லை. வாதாடாமல் அவற்றை எட்டாத இடத்திற்கு மாற்றிவிடுங்கள். மாத்திரையைப் பொடித்து உணவில் கலப்பதற்கு முன் மருத்துவரைக் கேளுங்கள். பொடிக்கவே கூடாத மாத்திரைகளும் உண்டு.

நான்காவது, திடீர் மாற்றம். டிமென்ஷியா மாதங்களிலும் ஆண்டுகளிலும் வளர்வது. நேற்று வரை பேசிக்கொண்டிருந்தவர் இன்று ஆளே அடையாளம் தெரியாமல் பிதற்றினாலோ, அளவுக்கு மீறி உறங்கினாலோ, அதை மறதியின் பகுதி என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு, புதிய மருந்தின் விளைவு, தலையில் பட்ட அடி, பக்கவாதம் எனக் காரணங்கள் பல. உடனே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள். அதுபோலவே, மறதி தொடங்கும் எவருக்கும் முதலில் முழுப் பரிசோதனை வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியை உண்டாக்கும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. காது மந்தமும் கண்புரையும் குழப்பத்தைப் பெருக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

பொறுமை ஒருவர் தலையில் மட்டுமா?

"சொல்வது எளிது, ஒரே கேள்வியை ஒரு நாளில் நாற்பது முறை கேட்டுப் பாருங்கள்" என்று எங்களிடம் சொல்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வது முற்றிலும் உண்மை. இரவு உறங்காமல், வேலைக்கும் செல்ல முடியாமல், யாரிடமும் பேசவும் நேரமின்றி இருப்பவரிடம் இனிமையாகப் பேசுங்கள் என்று அறிவுரை கூறுவது எளிது. பொறுமை தீர்ந்து ஒரு நாள் குரலை உயர்த்திவிட்டு, இரவெல்லாம் குற்ற உணர்வில் அழுபவர்களை நாங்கள் அறிவோம். அவர்களைத் தீயவர்கள் என்று நாங்கள் கருதியதே இல்லை. அவர்கள் களைத்தவர்கள்.

ஆகவே எங்கள் கருத்தின் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். திருத்தாமல் துணையிருப்பது ஒரு தனிமனிதரின் பொறுமையால் நடக்கும் காரியம் அன்று. அது குடும்பம் முழுவதும் பங்கிட்டுச் சுமக்க வேண்டிய உழைப்பு. நம் இல்லங்களில் அது பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள் ஆகியோருள் ஒருவர் தலையில் விழுகிறது. மற்றவர்கள் தொலைபேசியில் நலம் விசாரிக்கிறார்கள். வெளியூரிலிருந்து வரும் மகன் தாயின் முன் நின்று, "நான் யாரு, சொல்லு பாப்போம்?" என்று தேர்வு வைக்கிறார். தாய் விழிக்கிறார், தலைகுனிகிறார். இந்தத் தேர்வை இன்றே நிறுத்துங்கள். "அம்மா, உன் பெரிய பையன் வந்திருக்கேன்" என்று நீங்களே உங்களை அறிமுகம் செய்துகொண்டு அவர் கையைப் பற்றுங்கள். பெயர் மறந்த பின்னரும், தமக்கு வேண்டியவர் ஒருவர் வந்திருக்கிறார் என்பது அவர் முகத்தில் தெரிவதை நாங்கள் பலமுறை கண்டிருக்கிறோம்.

பிறகு, கவனித்துக்கொள்பவரைப் பார்த்துக் கேளுங்கள்: "இந்த வாரம் எந்த நாள் நான் பார்த்துக்கட்டும்?" நலம் விசாரிப்பைவிட இந்த ஒரு கேள்விக்குப் பயன் அதிகம். வாரத்தில் ஒரு முழு நாள், அன்றாடம் ஒரு மணி நேரம், மாதத்தில் சில இரவுகள் என அவரவர் இயன்றதை ஏற்கட்டும். வெளியூரில் இருப்போர் பகலில் உதவிக்கு வரும் ஆளுக்கான ஊதியத்தை ஏற்கலாம். மருந்தும் மருத்துவமனைப் பதிவும் தம் பொறுப்பு என்று எழுதிக் கொடுக்கலாம்.

வெளியிலிருந்தும் உதவி பெற முடியும். முதியோருக்கான தேசிய உதவி எண் 14567. கவனித்துக்கொள்பவரின் மனச்சுமை தாங்க முடியாததாகும்போது 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணில் மனநல ஆலோசனை கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். அடுத்த முறை நோயாளியை எங்களிடம் அழைத்து வரும்போது, "எனக்கும் தூக்கமில்லை" என்று நீங்களும் சொல்லுங்கள். உங்கள் இரத்த அழுத்தத்தையும் அன்றே பார்த்து அனுப்புகிறோம். நோயாளிக்கான நேரத்தை நீங்கள் எடுத்துக்கொள்வதாக எண்ண வேண்டாம். உங்கள் நலம் அவருடைய சிகிச்சையின் ஒரு பகுதி.

தொடக்கத்தில் குறிப்பிட்ட அந்த மகள் இரண்டு மாதங்கள் கழித்து மீண்டும் வந்தார். மாலைக் கேள்வி நின்றுவிடவில்லை; இன்றும் எழுகிறது. இப்போது அவர் மறுமொழியாகத் தந்தையைப் பற்றியே கேட்கிறார். ஒரு நாள் தாய் சொன்னாராம்: திருமணமான புதிதில் கணவர் வேலை முடிந்து வரும்போது, மாமியாருக்குத் தெரியாமல் மடித்த செய்தித்தாளுக்குள் மல்லிகைப்பூவை மறைத்துக் கொண்டுவருவாராம். மகள் இதை ஐம்பது வயதில் முதன்முறையாகக் கேள்விப்படுகிறார். தம்பியும் இப்போது சனி, ஞாயிறுகளில் வந்து தங்குகிறாராம். "அவன்கிட்டயும் அம்மா இதே கதையைத்தான் சொல்றாங்க. அவன் ஒவ்வொரு தடவையும் புதுசா கேட்கற மாதிரி கேட்கறான்" என்றார்.

நோயை நாம் நிறுத்த முடியவில்லை. ஒரு தாய் ஒவ்வொரு மாலையும் புதிதாகக் கைம்பெண் ஆவதை நிறுத்த முடிந்திருக்கிறது. அதைச் செய்தது எங்கள் மருந்துச் சீட்டு அன்று. அந்த மகளும் அவர் தம்பியும். உங்கள் வீட்டிலும் இன்று மாலை அந்தக் கேள்வி எழும். விடை சொல்லும் முன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவரருகில் அமருங்கள்.